அப்பாவுக்கு இனியும் கீமோவா, வீட்டில் வைத்து நோவைத் தணிப்பதா? அனுபவம் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி

கேள்வி: கொக்குவில் மகள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பாவுக்கு 72 வயது. நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது என்பது அண்மையில் எடுத்த ஸ்கானில் தெரியவந்தது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் கீமோ ஏற்றிக்கொண்டிருந்தோம். உடம்பு மிகவும் மெலிந்துபோனதால் அடுத்த கீமோவினால் நன்மையை விடத் துன்பமே அதிகமாக இருக்கும் என்றும், நோவையும் இளைப்பையும் குறைத்து வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதைப் பற்றிக் குடும்பமாகக் கதைத்து முடிவெடுக்குமாறும் வைத்தியர் கூறினார். அவர் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினார். ஆனால் அந்த இடத்தில் எனக்கு எந்தக் கேள்வியும் வாயில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாக எழும்புகின்றன.

அமெரிக்காவில் இருக்கும் பெரியண்ணா அங்குள்ள ஹொஸ்பிஸ் (வாழ்வின் கடைசிக் காலத்தில் நோவைத் தணித்துப் பார்க்கும்) பராமரிப்பைப் பற்றிய விபரங்களை அனுப்பியிருக்கிறார். ஆறு மாதத்துக்கு மேல் உயிர்வாழ்வது கடினம் என்று இரண்டு வைத்தியர்கள் உறுதிப்படுத்த வேண்டும், குணப்படுத்தும் சிகிச்சை வேண்டாம் என்று கையொப்பமிட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. லண்டனில் இருக்கும் சின்னண்ணா அதைக் கேட்டு மனம் பொறுக்காமல், கொழும்புக்கோ சென்னைக்கோ கொண்டுபோங்கள், காசை நான் அனுப்புகிறேன் என்கிறார். அம்மாவோ, சாப்பிடாமல் கிடக்கும் மனிசனுக்கு ஒரு சேலைனாவது ஏற்றாமல் வீட்டில் வைத்திருப்பது பாவம் என்று அழுகிறார். பக்கத்தில் நின்று பார்ப்பது நானும் அம்மாவும் மட்டும்தான்.

வீட்டில் வைத்துப் பார்க்கச் சம்மதித்தால் அப்பாவைக் கைவிட்டதாக ஆகிவிடுமா? அண்ணா சொல்லும் ஆறு மாதக் கணக்கும் கையொப்பமும் எங்கள் ஊரிலும் உண்டா? மோர்பின் தொடங்கினால் அதுவே ஆளை முடித்துவிடும் என்று அயலில் சொல்கிறார்கள், அது உண்மையா? எல்லாவற்றிலும் கடினமான கேள்வி இது: நோய் பரவியது அப்பாவுக்குத் தெரியாது. "எனக்கு என்ன வருத்தம் பிள்ளை, ஏன் ஒருத்தரும் வடிவாகச் சொல்கிறீர்கள் இல்லை?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்வது?


பதில் 1: வடமராட்சித் தாதி (ஓய்வு)

அன்புள்ள பிள்ளை, நான் பல ஆண்டுகள் வாட்டுகளில் வேலை செய்தவள். மோர்பினைப் பற்றிய பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எங்கள் பகுதியில் எத்தனையோ நோயாளிகள் தேவையில்லாமல் நோவுடன் கிடப்பதற்கு அந்தப் பயமே பெரிய காரணம்.

வாயால் கொடுக்கும் மோர்பினைச் சிறிய அளவில் தொடங்கி, நோவு எவ்வளவு குறைகிறது என்று பார்த்துப் படிப்படியாகக் கூட்டும்போது அது உயிரைப் பறிப்பதில்லை. விரைவாக வேலை செய்யும் வகையை வழமையாக நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்வார்கள். நோவு வந்த பிறகு கொடுப்போம் என்று காத்திருக்காமல் மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுப்பதுதான் இதில் முக்கியம், ஏனென்றால் ஏறிவிட்ட நோவை இறக்குவதற்கு அதைத் தலைதூக்க விடாமல் வைத்திருப்பதை விடக் கூடுதலான மருந்து தேவைப்படும். இடையில் நோவு கிளம்பினால் கொடுப்பதற்கு எவ்வளவு, எத்தனை தடவை வரை என்பதையும் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள். தொடங்கிய முதல் சில நாள்களில் தூக்கமும் ஓங்காளமும் வரலாம். பெரும்பாலும் அவை தாமாகக் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. ஆகவே மோர்பின் எழுதும் அன்றைக்கே மலம் இளக்கும் மருந்தும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வைத்தியரிடம் கேட்காமல் மருந்தைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், வேறொருவருடைய குளிசையை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம், பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவும் வேண்டாம்.

அம்மாவின் கவலை எனக்கு நன்றாக விளங்குகிறது. எங்கள் வீடுகளில் அன்பு என்பது பெரும்பாலும் சாப்பாட்டுக் கோப்பையில்தான் வெளிப்படும். சாப்பிடாத ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பது மனைவிக்கு மிகப் பெரிய வதை. ஆனால் நோய் முற்றிய நிலையில் உடம்பு உணவைப் பயன்படுத்தும் சக்தியை இழந்துவிடுகிறது. நோய் முற்றியதால்தான் அவர் சாப்பிடாமல் இருக்கிறார். சாப்பிடாததால் நோய் முற்றவில்லை. வற்புறுத்தி ஊட்டினால் சத்தி வரும், புரையேறிச் சளிக்காய்ச்சலும் வரலாம். கடைசிக் கட்டத்தில் ஏற்றும் சேலைன் பல வேளைகளில் கால்களில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும்தான் சேருகிறது. அம்மாவுக்குச் செய்வதற்கு ஒன்று வேண்டும். வாயைப் பராமரிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். சுத்தமான மெல்லிய துணியை நனைத்து உதட்டையும் நாக்கையும் அடிக்கடி ஈரமாக்குவது, அவர் விரும்பினால் இளநீரோ கஞ்சித் தெளிவோ ஒவ்வொரு கரண்டியாகக் கொடுப்பது, உதட்டில் சிறிது எண்ணெய் பூசுவது ஆகியவை அப்பாவுக்கு ஒரு போத்தல் சேலைனை விட ஆறுதலைக் கொடுக்கும்.

இளைப்பு வந்தால் தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி இருத்தி, யன்னலைத் திறந்து, சிறிய மின்விசிறியின் காற்று முகத்தில் நேராகப் படும்படி வையுங்கள். இது வெறும் வீட்டு வைத்தியம் அல்ல, வலி தணிப்புப் பிரிவுகளில் சொல்லிக்கொடுக்கும் முறை. மின்சாரம் நின்றால் பயன்படுத்த மின்கலத்தில் ஓடும் கைவிசிறி ஒன்றையும் வாங்கி வையுங்கள். அதற்கும் அடங்காத இளைப்புக்குக் குறைந்த அளவு மோர்பின் உதவும். அதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தால் நள்ளிரவில் பதற்றப்பட வேண்டியிராது.

படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். காற்று மெத்தை ஒன்று இரவலாகவோ வாடகைக்கோ கிடைத்தால் எடுங்கள். வருத்தம் பார்க்க வருபவர்களை அப்பாவின் களைப்பைப் பார்த்து அளவாக உள்ளே விடுங்கள். கதவடியில் நின்று அதைச் சொல்லும் பொறுப்பை உறவினர் ஒருவரிடம் கொடுத்துவிடலாம். நீங்களும் அம்மாவும் இரவை இரண்டாகப் பிரித்து ஒருவர் மாறி ஒருவர் கட்டாயம் தூங்குங்கள்.


பதில் 2: வலி தணிப்பு வைத்தியர், யாழ்ப்பாணம்

கொக்குவில் மகளின் பெரியண்ணா அனுப்பிய தகவல் சரியானதுதான். ஆனால் அது அமெரிக்காவுக்குரியது. அங்கு மெடிகெயார் என்னும் அரச காப்புறுதியின் கீழ் ஹொஸ்பிஸ் பராமரிப்புக்குப் பணம் கொடுப்பதற்காக 1982இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே வந்த விதிதான் அந்த ஆறு மாதக் கணக்கும் இரண்டு வைத்தியர்களின் உறுதிப்படுத்தலும். அங்கும்கூட, கையொப்பமிட்ட நோயாளி எப்போது விரும்பினாலும் அதைக் கைவிட்டு வழமையான சிகிச்சைக்குத் திரும்பலாம். ஆறு மாதத்தைக் கடந்து வாழ்ந்தால் வைத்தியர்கள் மீண்டும் பார்த்து உறுதிப்படுத்தியதும் பராமரிப்புத் தொடரும். இலங்கையில் அரச வைத்தியசாலை இலவசமானது என்பதால் அப்படியொரு வாசலைத் தாண்ட வேண்டிய தேவை இல்லை. நீங்கள் எந்தக் கையொப்பமும் இடாமல், கிளினிக் தொடர்பையும் விடாமல், வலி தணிப்பைத் தொடங்கலாம். மனம் மாறினால் திரும்பிப் போகலாம்.

கைவிடுவதா என்ற கேள்விக்கு வருகிறேன். லண்டனில் 1967இல் சென் கிறிஸ்ரோபர் ஹொஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், தாதியாகவும் சமூக சேவையாளராகவும் பணியாற்றிய பின்னர் வைத்தியரானவர். இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி நோயாளியை விட்டுப் போகும் வழக்கத்தை மறுத்தே அவர் அந்த இல்லத்தைக் கட்டினார். சாகப்போகிறவரின் நோவு உடம்போடு நிற்பதில்லை, மனத்தின் பயமும், குடும்பத்தைப் பற்றிய கவலையும், கடவுள் தன்னை ஏன் சோதிக்கிறார் என்ற கேள்வியும் சேர்ந்ததே முழு நோவு என்பது அவருடைய நிலைப்பாடு. அதன்படி பார்த்தால், சிகிச்சை நின்றுவிடுவதில்லை. சிகிச்சையின் இலக்குத்தான் மாறுகிறது.

நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை உங்கள் சின்னண்ணாவுக்கு ஒரு தகவலைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், நோய் கண்டறியப்பட்ட காலத்திலிருந்தே வலி தணிப்புப் பராமரிப்பையும் சேர்த்துப் பெற்றவர்கள் மன அமைதியுடன் இருந்தார்கள், கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றார்கள்; அப்படியிருந்தும் அவர்களுடைய வாழ்நாளின் இடைநிலை (பாதிப்பேர் அதைவிடக் கூடுதலாக வாழ்ந்த காலம்) 11.6 மாதமாகவும், வழமையான சிகிச்சையை மட்டும் பெற்றவர்களுடையது 8.9 மாதமாகவும் இருந்தது. உங்கள் அப்பாவின் நோய் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டதால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. ஆனால் வலி தணிப்பு ஆயுளைக் குறைக்கும் என்ற எண்ணத்துக்கு அந்த ஆய்வில் இடமில்லை.

கொழும்புக்கோ சென்னைக்கோ கொண்டுபோவதா என்பதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டாவது அபிப்பிராயம் கேட்பது உங்கள் உரிமை. அதற்கு முதலில் ஸ்கான் படங்களையும் திசுப் பரிசோதனை அறிக்கையையும் டயக்னோசிஸ் கார்டையும் அனுப்பிக் கேட்கலாம், நோயாளியை வாகனத்தில் ஏற்ற வேண்டியதில்லை. கேட்கும்போது, "இந்தச் சிகிச்சையால் எவ்வளவு காலம் கூடும், அந்தக் காலத்தில் அவர் எழுந்து நடப்பாரா, எத்தனை நாள் வைத்தியசாலைக் கட்டிலில் கழியும்?" என்று நேராகக் கேளுங்கள். "முயற்சி செய்து பார்க்கலாம்" என்ற பதிலை மட்டும் நம்பிக் காணியை ஈடு வைக்க வேண்டாம்.

முதுகெலும்பு என்று எழுதியிருப்பதால் ஒரு எச்சரிக்கை. கால்கள் பலமிழந்தாலோ, இடுப்புக்குக் கீழ் மரத்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, முதுகு நோவு திடீரென்று கடுமையானாலோ, வீட்டில் வைத்துப் பார்க்க முடிவெடுத்திருக்கிறோமே என்று தயங்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். முள்ளந்தண்டு நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறிகள் அவை; உடனடியாகக் கவனித்தால் கால்களைக் காப்பாற்ற முடியும். எலும்பு நோவுக்கு ஒரேயொரு தடவை கொடுக்கும் கதிர்ச்சிகிச்சையே பலருக்குப் போதுமான நிவாரணத்தைத் தருகிறது. அதுவும் வலி தணிப்பில் அடங்கும். ஆகவே அடுத்த கிளினிக்கில் அதைப் பற்றிக் கேளுங்கள்.

அப்பாவிடம் என்ன சொல்வது? நான் முதலில் சொல்வதில்லை, கேட்பேன். "வைத்தியர்கள் சொன்னவற்றில் உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும் ஐயா? எல்லாவற்றையும் உங்களிடம் சொல்வதா, பிள்ளைகளிடம் சொன்னால் போதுமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருப்பேன். சிலர் பிள்ளைகளிடம் சொல்லுங்கள் என்பார்கள். அவர்களை வற்புறுத்தி அறியவைக்கத் தேவையில்லை. உங்கள் அப்பா தானாகவே கேட்கிறார். அவர் பெரும்பாலும் ஊகித்திருப்பார். எல்லோரும் மறைப்பதனால் அவர் அந்தப் பயத்தைத் தனியே சுமக்கிறார். நீங்கள் சொல்ல முடியாவிட்டால் வைத்தியரைச் சொல்லச் சொல்லிப் பக்கத்தில் இருங்கள். காலக்கணக்கு எதையும் சொல்ல வேண்டாம், எங்களுக்கே அது சரிவரத் தெரியாது. "நோய் பரவியிருக்கிறது, இதை முழுமையாக மாற்ற முடியாது, ஆனால் உங்களை நோகவிட மாட்டோம், தனியே விடவும் மாட்டோம்" என்பது உண்மையான பேச்சு. அதன் பிறகு அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். வீட்டில் இருக்க விருப்பமா, யாரைப் பார்க்க வேண்டும், யாருடன் மனத்தாங்கல் தீர வேண்டும் என்பதெல்லாம் அவர் வாயால் வந்தால், உங்கள் அண்ணாமார் இருவரும் மோதிக்கொள்வதற்கு இடமே இராது. காணி உறுதி எழுத வேண்டியிருந்தால், நினைவு தெளிவாக இருக்கும்போதே நொத்தாரிசை வீட்டுக்கு அழைப்பது நல்லது.


பதில் 3: ஸ்காபரோவிலிருந்து ஒரு மகன்

சகோதரி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தூரத்தில் இருப்பவனுக்குக் கையில் இருப்பது காசும் தொலைபேசியும்தான். அதனால், பெரிய வைத்தியசாலை ஒன்றின் பெயரைச் சொன்னால்தான் தன் கடமை தீர்ந்ததாக அவனுக்குத் தோன்றும். சின்னண்ணாவின் கோபத்துக்குள் இருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். அவருடன் வாதாடாமல், வைத்தியர் கதைக்கச் சம்மதிக்கும் ஒரு நேரத்தில் மூவரும் ஒரே வீடியோ அழைப்பில் இருந்து கேட்பதற்கு ஒழுங்கு செய்யுங்கள். ஒரே விளக்கத்தை ஒரே நேரத்தில் எல்லோரும் கேட்டால், நீங்கள் இடையில் நின்று தூது சொல்லும் பாரம் குறையும்.

அவர் அனுப்ப விரும்பும் காசுக்கும் நல்ல வேலை இருக்கிறது. இரவில் நிற்பதற்கு அனுபவமுள்ள ஒருவருக்குச் சம்பளம், வைத்தியர் சொன்னால் ஒட்சிசன் இயந்திரத்துக்கு வாடகை, காற்று மெத்தை, பம்பஸ், கிளினிக்குக்குப் போய்வர வாகனம் என்று தேவைகள் பல. லீவு இருக்குமானால் இப்போதே வரச் சொல்லுங்கள். செத்தவீட்டுக்கு வருவதற்கென்று எடுத்து வைக்கும் லீவை அப்பா கதைக்கும் நிலையில் இருக்கும்போது எடுப்பது எல்லோருக்கும் நல்லது என்று எங்கள் குடும்பத்தில் முடிவெடுத்தோம், அப்படியே செய்தோம்.


கொக்குவில் மகள்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்றைக்கு அப்பாவிடம் வைத்தியர் ஐயா எழுதியபடியே கேட்டேன். "எல்லாம் என்னிடம் சொல்லு, கொம்மாவுக்கு ஆறுதலாகப் பார்த்துச் சொல்லலாம்" என்றார். அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும் என்றேன். அதைக் கேட்டதும் அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்கத் தனக்கு விருப்பமில்லை, நோவை மட்டும் நிற்பாட்டினால் போதும் என்றும் சொன்னார். அண்ணாமாருக்கு அதை அவர் குரலிலேயே பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்விகள். வீட்டில் உதவிக்கு யாரை அழைக்கலாம்? வீட்டில் உயிர் பிரிந்தால் மரணப் பதிவில் சிக்கல் வரும், பொலிஸ் வரும் என்று மாமா பயப்படுத்துகிறார். அது சரியா?


பதில் 4: வடமராட்சித் தாதி (ஓய்வு)

பிள்ளை, அப்பாவே சொல்லிவிட்டது பெரிய காரியம்.

உதவிக்கு, உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் இருக்கிறாரா, வீட்டுக்கு வந்து பார்ப்பாரா என்று நேரில் போய் விசாரியுங்கள். புற்றுநோய்ப் பிரிவிலும், எந்த நேரத்தில் யாருக்குத் தொலைபேசி எடுக்கலாம் என்று கேட்டு எழுதி வையுங்கள். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சிறிய வலி தணிப்புக் கிளினிக்காகத் தொடங்கியது, பிறகு ஊர்த் தொண்டர்கள் வீடு வீடாகப் போகும் அமைப்பாக வளர்ந்து, 2008இல் அந்த மாநில அரசு அதற்கென்று ஒரு கொள்கையையே வகுக்கும் நிலைக்கு வந்தது. அங்குள்ள தொண்டர்கள் பெரும்பாலும் வைத்தியர்களோ தாதியரோ அல்லர். ஆசிரியர்கள், கடைக்காரர், மாணவர்கள். எங்கள் ஊர்களில் ஒவ்வொரு குறிச்சியிலும் சனசமூக நிலையம் இருக்கும்போது அது ஏன் முடியாது என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன். உங்கள் நிலையத்துப் பிள்ளைகளிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: மருந்து எடுத்துவர ஒருவர், அப்பாவைத் தூக்கிப் பக்கம் மாற்ற இருவர், அம்மா குளித்துச் சாப்பிடும்வரை பக்கத்தில் இருக்க ஒருவர்.

மரணப் பதிவைப் பற்றி மாமா பயப்படத் தேவையில்லை. நோயினால் வீட்டில் நிகழும் இயற்கை மரணத்தைக் கிராம அலுவலருக்கு அறிவித்தால் அவர் அறிக்கை தருவார். அதைக் கொண்டு, மரணம் நிகழ்ந்த பிரிவுக்குரிய பதிவாளரிடம் ஐந்து நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். நகரப் பகுதி என்றால் மரணத்துக்கான காரணத்தைக் குறிக்கும் வைத்தியரின் சான்றும் தேவைப்படலாம். ஆகவே அதை யாரிடம் எடுப்பது என்று இப்போதே கேட்டு வையுங்கள். விபத்து, சந்தேகம் போன்ற நிலைமைகளில்தான் திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் போக வேண்டிவரும். கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், அப்பாவின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு, அது இருக்கும் இடத்தை மாமாவுக்கும் காட்டுங்கள்.

கடைசி நாள்களில் என்ன நடக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் முன்பே தெரிந்தால் பயம் குறையும் என்பதால் எழுதுகிறேன். நாளின் பெரும்பகுதி தூக்கமாகவே போகும். கைகால் குளிர்ந்து, தோலில் நீலத் திட்டுகள் தெரியும். மூச்சு சில நேரம் வேகமாகவும், பிறகு சற்றே நின்று மீண்டும் தொடங்குவதாகவும் இருக்கும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கலாம். அந்தச் சத்தம் கேட்பவரை வருத்தும் அளவுக்கு நோயாளியை வருத்துவதில்லை, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும், தேவையென்றால் அதற்கும் மருந்து இருக்கிறது. விழுங்க முடியாமல் போனால் குளிசையை வாயில் திணிக்க வேண்டாம். மருந்தை வேறு எந்த வழியில் கொடுப்பது என்பதை அடுத்த கிளினிக்கிலேயே கேட்டு எழுதி எடுங்கள், ஏனென்றால் அந்த நிலை வந்த பிறகு அலைவதற்கு உங்களுக்கு நேரம் இருக்காது. கண் திறக்காவிட்டாலும் காது கேட்கும் என்று கருதியே கதையுங்கள், தேவாரம் படியுங்கள், அண்ணாமாரின் குரலைத் தொலைபேசியில் காதருகே வையுங்கள். அடுத்த கிளினிக் எப்போது? போகுமுன் உங்கள் கேள்விகளை இங்கே வரிசையாக எழுதுங்கள், விடுபட்டதை நாங்கள் சேர்த்துத் தருகிறோம்.